"ஹிந்தி புள்ளைங்க"ன்னு ஒரே பேரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூர்ல ஒரு நடுநிலைப்பள்ளில டீச்சரா இருக்கேங்க. பனியன் கம்பெனி வேலைக்கு வெளி மாநிலத்துல இருந்து வந்தவங்க பசங்க என் கிளாஸ்ல நெறய பேர், ஸ்டாஃப் ரூம்ல அவங்க எல்லாருக்கும் ஒரே பேரு தான், "ஹிந்தி புள்ளைங்க". ஒடிசா புள்ளைக்கு வீட்ல ஒடியா, பீகார் புள்ளைங்கள்ல பலருக்கு வீட்ல போஜ்புரியோ மைதிலியோ, ஹிந்திய அதுங்களே ஸ்கூல்ல தான் கத்துக்குதுங்க. இது எனக்கே வேலைக்கு வந்து மூணு வருஷம் கழிச்சு தான் தெரியும்.

ஒரு தடவ தீபாவளி முடிஞ்ச வாரத்துல ஒரு பீகார் பொண்ணு சேந்தாப்ல லீவு போட்டுச்சு. இப்பதானே லீவு விட்டோம், மறுபடியும் என்னன்னு கத்திட்டேன். அப்புறம் அவங்கம்மா வந்து சொன்னாங்க, சட் பூஜையாம், விரதம் இருந்து தண்ணில நின்னு சூரியனுக்கு அர்க்கியம் குடுக்கறது. சட்னா ஆறாவது நாள். அட, தீபாவளி அமாவாசைக்கு அப்புறம் வர்ற அதே சஷ்டி தான், நம்ம முருகன் கோயில்ல சூரசம்ஹாரம் பாக்கற சஷ்டி! நம்ம புள்ளைங்க சஷ்டிக்கு லீவு கேட்டா குடுக்கறேன், அதுக்கு மட்டும் திட்டு.

இன்னொருத்தன் மூணாங்கிளாஸ். டிக்டேஷன்ல "க" வந்தாலே பேனாவ வெச்சுட்டு என் மூஞ்சிய பாப்பான். மெல்லக் கற்போர் லிஸ்ட்ல பேர எழுதப் போயிட்டேன், அப்பதான் அவன் அக்கா சொல்லுச்சு, அவங்க எழுத்துல க-வுக்கு மட்டும் நாலு எழுத்தாம், நம்மகிட்ட ஒன்னு தான், கடலுக்கும் கணேஷுக்கும் அதே க எப்படின்னு அவன் குழம்பி நிக்கறான். மந்தமெல்லாம் இல்ல, காது நல்லா கேக்குது அவனுக்கு, அவ்ளோதான்.

இத எனக்கு எந்த ட்ரெய்னிங்லயும் சொல்லித் தரல. பி.எட்ல "வேற்றுமையில் ஒற்றுமை"னு ஒரு கட்டுரை, ஆண்டு விழால ஒருத்தி பஞ்சாபி ட்ரெஸ், ஒருத்தி காஷ்மீர் ட்ரெஸ், முடிஞ்சுது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, முடிஞ்ச வரைக்கும் தாய்மொழில சொல்லிக்குடுக்கணும்னு பரீட்சைக்கு நெட்டுரு போட்டேன், ஆனா அந்த தாய்மொழி எதுன்னு புள்ளைகிட்ட கேக்கணும்னு தோணவே இல்ல.

2015ல இருந்து பி.எட் ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பறதே 20 வாரம். அதுல ஒரு நாலு வாரமாவது எங்கள மாதிரி ஸ்கூலுக்கோ, செங்கல் சூளைப் பக்கம் இருக்கற ஸ்கூலுக்கோ, இருளர் புள்ளைங்க படிக்கற ஸ்கூலுக்கோ அனுப்புங்க. ஒவ்வொரு புள்ளைகிட்டயும் வீட்ல என்ன பேசறீங்க, எந்த பண்டிகைக்கு ஊருக்குப் போவீங்கன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, ரெக்கார்ட் நோட்டுல படம் ஒட்டறத விட அதுக்கு மார்க் போடுங்க.

இங்க வந்தா தமிழ் கத்துக்கட்டும்னு சிலர் சொல்வாங்க. கத்துக்கத்தாங்க வேணும், 2006லயே அதுக்கு சட்டம் வந்தாச்சு. ஒழுங்கா கத்துக்குடுக்கணும்னு தான் நானும் சொல்றேன், அவன் எங்க முட்டிக்கிட்டு நிக்கறான்னு தெரியாம எப்படிங்க கத்துக்குடுக்கறது?

கடிதத்த கந்த சஷ்டிக்கு முன்னாடி போட்டீங்கன்னா, வெட்டி எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒட்டிக்குவேன்.

இப்படிக்கு,
ஒரு டீச்சர், திருப்பூர்