2027 மாநிலத் தேர்தலுக்கு முன் ப்ராஸ்பெக்ட் தொகுதியில் தமிழில் வாக்களிப்பு விளக்கம் வேண்டி மனு

அனுப்புநர்:
ப்ராஸ்பெக்ட் தொகுதியின் தமிழ் பேசும் வாக்காளர்கள்,
மேற்கு சிட்னி.

பெறுநர்:
தேர்தல் ஆணையாளர் அவர்கள்,
நியூ சவுத் வேல்ஸ் தேர்தல் ஆணைக்குழு,
சிட்னி.

பொருள்: வாக்குச்சாவடிகளில் தமிழ் பேசும் அலுவலர்களும், தேர்தலுக்கு முன் நேரடி விளக்கக் கூட்டங்களும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் பெண்டில் ஹில், கிரவீன், கிரேஸ்டேன்ஸ் பகுதிகளில் குடியிருப்பவர்கள். ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து இங்கே குடியுரிமை பெற்றவர்கள். வெஸ்ட்மீட் மருத்துவமனை, பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி, வேலைக்குப் போகிற ரயில் எல்லாமே மாநில அரசின் பொறுப்பில் இருப்பதால், 93 தொகுதிகளில் ஒன்றான எங்கள் தொகுதியில் போடுகிற வாக்கை நாங்கள் பெரிதாகவே நினைக்கிறோம். 2027 மார்ச்சில் மறுபடியும் வாக்களிக்கப் போகிறோம்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாக்களிக்க ஆசை இல்லாமல் இல்லை. ஊரில் வாக்குரிமையின் அருமையை அறிந்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் என்றால் கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி), பிறகு மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்குக்குப் புள்ளடி என்று போட்டுப் பழகிய கை அது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. இங்கே வேட்பாளர்களுக்கு நம் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று பென்சிலால் எண் எழுத வேண்டும். கீழவைச் சீட்டில் பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று கட்டங்களில் புள்ளடி போட்டுவிட்டால், அந்த வாக்கு யாருக்கும் போய்ச் சேராது.

அதைவிடப் பெரிய குழப்பம், மாநிலத் தேர்தலுக்கும் ஃபெடரல் (நாடு முழுவதற்குமான நாடாளுமன்ற) தேர்தலுக்கும் விதி வேறாக இருப்பது. 1981 தேர்தலிலிருந்து நம் மாநிலக் கீழவைக்கு 1 என்று மட்டும் எழுதினாலே வாக்கு செல்லும். மற்றவர்களுக்கு எண் கொடுப்பதும் விடுவதும் வாக்காளர் விருப்பம். ஃபெடரல் கீழவைக்கு எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். மேலவைச் சீட்டிலும் இதே கதைதான்: மாநிலத்தில், சீட்டின் குறுக்கே உள்ள கோட்டுக்கு மேலே இருக்கும் கட்சிக் கட்டங்களில் ஒரு 1 போதும், ஃபெடரல் செனட்டுக்கோ 1 முதல் 6 வரையாவது எழுதச் சொல்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறுகிற இடம் இது. 2022 ஃபெடரல் தேர்தலில் மேற்கு சிட்னியின் பிளாக்ஸ்லேண்ட், ஃபவ்ளர் தொகுதிகளில் பத்தில் ஒரு வாக்குக்கு மேல் செல்லாமல் போனது. மாநிலத் தேர்தலில் செல்லாத வாக்குகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 1 மட்டும் எழுதிய வாக்கு, அந்த வேட்பாளர் எண்ணிக்கையிலிருந்து விலக்கப்பட்டதும், வேறு யாருக்கும் மாறாமல் அத்தோடு தீர்ந்துபோகிறது. தெரிந்தே அப்படி எழுதுவது ஒருவரின் உரிமை. இரண்டாவது விருப்பம் என்று ஒன்று கொடுக்கலாம் என்பதே தெரியாமல் எழுதுவதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறோம்.

இந்த நிலையில் எங்கள் பெரியவர்களுக்குக் கிடைக்கிற ஒரே விளக்கம், வாக்குச்சாவடி வாசலில் கட்சித் தொண்டர்கள் நீட்டுகிற துண்டறிக்கை. அந்தத் தாள் ஆணைக்குழுவில் பதிவானது, வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் பிரசாரம் கூடாது என்பதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். இருந்தாலும் அந்தத் தாள் சொல்வது கட்சியின் விருப்பத்தைத்தான். பலர் அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டு வருகிறார்கள். எந்தக் கட்சியையும் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. கட்சித் தாள் கைக்கு வருவதற்கு முன் ஆணைக்குழுவின் நடுநிலையான விளக்கம் தமிழில் எங்களுக்கு வந்து சேர வேண்டும். கேட்பது அதைத்தான்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. எங்கள் பகுதி வாக்குச்சாவடிகளிலும் முன்கூட்டியே வாக்களிக்கும் மையத்திலும் தமிழ் பேசும் அலுவலர் ஒருவராவது பணியில் இருக்க வேண்டும், அவர் தமிழ் பேசுவார் என்பது சட்டையில் உள்ள அட்டையைப் பார்த்தாலே தெரிய வேண்டும். இங்கே தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிற இளையவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தேர்தல் பணிக்கு ஆள் எடுக்கும்போது தமிழ் வானொலிகள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் வழியாகச் சொன்னால் கட்டாயம் விண்ணப்பிப்பார்கள். அப்புறம், 2027 பிப்ரவரியிலாவது நூலகத்திலோ சமூக மண்டபத்திலோ மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டுகிற கூட்டங்கள் வேண்டும். இணையத்தில் எவ்வளவு விளக்கம் இருந்தாலும், கணினிப் பக்கமே போகாத எழுபது வயதுக்காரருக்கு அது உதவாது. மாநில விதியையும் ஃபெடரல் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படத்தோடு, பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாள் தமிழில் அச்சிட்டுத் தந்தால் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல். அவர்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் எங்கள் தொகுதியும் அதை ஒட்டிய வென்ட்வொர்த்வில், டூங்கேபி பகுதிகளும் முக்கியமானவை. வாக்களிக்கத் தவறினால் 55 டாலர் அபராதம் விதிக்கிற மாநிலத்தில், எப்படி வாக்களிப்பது என்பதை வாக்காளருக்குப் புரிகிற மொழியில் சொல்லித் தருவதும் அரசின் கடமையே.

தேர்தல் பணியாளர் நியமனம் தொடங்குவதற்கு முன்பே முடிவு எடுத்தால்தான் இது நடக்கும். ஆகவே உங்கள் அலுவலர் ஒருவரை எங்களோடு பேச அனுப்புமாறும், எடுக்கும் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ப்ராஸ்பெக்ட் தொகுதியின் தமிழ் பேசும் வாக்காளர்கள்

நகல்: ப்ராஸ்பெக்ட் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்