காலண்டர் அட்டைக்கு ஒரு நன்றி

நேத்து சாயங்காலம் ப்ராஜெக்ட்ட சப்மிட் பண்ணியாச்சு. கடைசி பத்து நாள் நான் பட்ட பாடு உங்க எல்லாருக்கும் தெரியும், திரும்ப ஆரம்பிச்சா அழுதுருவேன், விடுங்க.

முதுகெலும்பு ஆபரேஷன் பண்ணிட்டு போனவங்க ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்கனு பாக்குறதுதான் வேலையே, அதுல பாதி பேர் நம்பர் மாத்திட்டா என்னத்த எழுதுறது? நல்லாகி வேலைக்கு போய்ட்டாங்களா, வலில சுருண்டு படுத்திருக்காங்களானு தெரியாம, கெடச்சவங்கள மட்டும் வச்சு சராசரி போட்டா அது பொய்க்கணக்கு.

அப்போதான் அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல ஒருத்தரான, குடியாத்தம் பக்கத்துல பீடி சுத்துற ஒரு அம்மா வீட்டுக்கு போனேன். (பேர் போடாதனு சொல்லிட்டாங்க.) இடுப்பு வலி அன்றாட வாழ்க்கைய எவ்ளோ முடக்குதுனு அளக்குற ஆஸ்வெஸ்ட்ரி ஃபார்ம்ல 10 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 5 வரைக்கும் மார்க், இதுல மார்க் கம்மியா வாங்குனாதான் நல்லது. எவ்ளோ நேரம் உக்கார முடியும்னு கேட்டா "ரெண்டு கட்டு சுத்துற வரைக்கும்பா, அதுக்கு மேல இடுப்பு புட்டுக்கும்"னாங்க. கட்டுக்கு 25 பீடி. முறத்த மடில வச்சு அவங்க சுத்த சுத்த நான் மொபைல்ல டைம் பாத்தேன், கிட்டத்தட்ட அரைமணி நேரம். 3 மார்க்னு டிக் போட்டேன்.

கிளம்புறப்போ சும்மா பொலம்புனேன், யாருமே போன் எடுக்க மாட்றாங்கமானு. உள்ள போய் பழைய காலண்டர் அட்டை ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க, பின்னாடி ஃபுல்லா நம்பர், பேரே இல்ல, "7ஆம் பெட் ஆம்பூர்", "ஜன்னலோரம் ஆரணி அக்கா" இப்படி. வார்டுல கூட படுத்திருந்தவங்களாம், நல்ல நாள் பெரிய நாள்ல பேசிப்பாங்களாம். எனக்கு நம்பர் தரல, அதுவும் சரிதான், கேக்காம எப்டி தருவாங்க? அவங்களே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "காலேஜ் புள்ள ஒண்ணு வந்துகீது, நல்ல புள்ளயாதான் தெரியுது, நீயே கூப்ட்டு பேசு"ன்னாங்க. 9 பேர் அன்னிக்கே கூப்ட்டாங்க! இத மெத்தடாலஜில, அதான் தகவல் எப்படி சேத்தோம்னு சொல்ற பகுதில, எப்படி எழுதுறதுனு ப்ராஜெக்ட் கைட் கிட்ட கேட்டேன், சிரிச்சிட்டாரு.

கைட் சார், ரெக்கார்ட் ரூம் அண்ணன்க, எதிக்ஸ் கமிட்டி லெட்டருக்கு கூட அலைஞ்ச ஹாஸ்டல் பசங்க, எக்ஸெல் ஷீட்ட காப்பாத்துன ஜூனியர், ராத்திரி 11 மணிக்கு காட்பாடி ஸ்டேஷன்ல வந்து கூட்டிட்டு போன மாமா, எல்லாருக்கும் சேத்து ஒரே நன்றி, கோச்சிக்காதீங்க.

ரிசல்ட்ட தமிழ்ல எழுதி அந்த அம்மா வீட்டு திண்ணைல உக்காந்து படிச்சு காட்டணும், பொங்கலுக்குள்ள கண்டிப்பா போவேன்.

அம்மா, அந்த ஜன்னலோரம் ஆரணி அக்கா மட்டும் இன்னும் கூப்டல. ப்ராஜெக்ட்டுக்காக இல்ல, அதான் முடிஞ்சிருச்சே. எப்டி இருக்காங்கனு மட்டும் கேட்டு சொல்லுங்க.