நம் வாட்ச் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. மாரியம்மன் நோம்பியை ஒட்டி வந்த கூட்டத்தை மட்டும் ஒரு வாரம் தள்ளி வைத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அண்ணன் தனியே வாசிப்பார். ஆகவே இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேராக வந்துவிடுகிறேன். அது விமானி வாட்ச்.

போன பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிந்தபோது, "அதெல்லாம் லட்சக்கணக்குல போகுமுங்க, நமக்கெதுக்குங்க" என்று சிலர் தயங்கினீர்கள். வாங்குகிறவர் ஒருவரோ இருவரோதான். ஆனால் அந்த டயலில் இருக்கும் ஒவ்வொரு கோடும் ஏதோ ஒரு வேலைக்காக வந்தது. அந்த வேலை தெரியாமல் விலையை மட்டும் தெரிந்துகொள்வது நம் சங்கத்துக்கு அழகில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் பழைய கதையிலிருந்து தொடங்கினோம். பிரேசில் நாட்டு விமானி சாண்டோஸ் டுமோண்ட், இரண்டு கையாலும் ஆகாயக் கப்பலை ஓட்டிக்கொண்டே சட்டைப்பை கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று பாரிஸில் நகை, கடிகாரக் கடை நடத்திய நண்பர் லூயி கார்டியரிடம் குறைப்பட்டார். கார்டியர் 1904-இல் கையில் கட்டுகிற மாதிரி செய்து கொடுத்தார். சாண்டோஸ் என்ற பெயரிலேயே அது இன்றும் விற்கிறது.

விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சூலூர் உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் பேசினார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படைக்காகச் செய்த வாட்சுகள் 55 மில்லிமீட்டர் அகலம். விமானி போடும் தடித்த மேல்கோட்டின் கைப்பகுதிக்கு மேலே கட்டுவதற்காக நீளமான ஸ்ட்ராப். கையுறை போட்ட விரலுக்கும் பிடி கிடைக்கவேண்டும் என்று சாவி கொடுக்கும் குமிழைப் பெரிதாக வைத்தார்கள். 12 மணி இடத்தில் எண் இருக்காது, ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளியும் இருக்கும். இருட்டில் வாட்ச் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் எது மேல் என்று ஒரு நொடியில் தெரிய வேண்டுமல்லவா? சுவிஸ் கம்பெனி ஐ.டபிள்யூ.சி. 2002-இல் கொண்டுவந்த 46 மில்லிமீட்டர் பிக் பைலட் அந்த வழியில் வந்ததுதான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய தேஜஸ் போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. அது போய் முடியும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம்.

இந்த ஆண்டின் பெரிய செய்தி, நம் பொள்ளாச்சி உறுப்பினர் வாங்கிய நேவிடைமர், சுவிஸ் கம்பெனி பிரைட்லிங்கின் விமானி வாட்ச். 1952-இல் வடிவமைத்த வாட்ச் அது. டயலைச் சுற்றி, எண்கள் எழுதிய இரண்டு வட்டங்களாக ஒரு ஸ்லைடு ரூல், அதாவது பெருக்கல் வகுத்தல் போடும் அளவுகோல், ஓடும். வேகம், தூரம், எரிபொருள் செலவு எல்லாவற்றையும் கால்குலேட்டர் இல்லாத காலத்தில் விமானிகள் அதிலேயே போட்டார்கள். அண்ணன் தென்னந்தோப்புக்காரர். எங்கள் முன்னால் தேங்காய்க் கணக்கையே போட்டுக் காட்டினார். காய் ஒன்று 24 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, டயலைச் சுற்றியுள்ள வளையமான பெசலைத் திருகி வெளி வட்டத்தின் 24-ஐ உள் வட்டத்தின் 10-க்கு நேராக நிறுத்தினார். 1,250 காய்க்கு உள் வட்டத்தில் 12.5 எங்கே என்று விரல் நகத்தால் தொட்டார். அதற்கு நேர் மேலே 30. சுழியம் எத்தனை என்பதை மட்டும் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, 30,000 ரூபாய். வாட்ச் கை மாறிக் கை மாறிப் போய், கூட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆகிவிட்டது.

அவர் வாங்கிய முறையையும் பதிவு செய்கிறேன். எட்டு மாதம் பொறுத்தார். மூன்று அளவையும் கையில் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தார். அதிகாரம் பெற்ற கடையில், பில், வாரண்டி கார்டு, பெட்டி எல்லாம் வாங்கினார். தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று எழுதியிருப்பது தண்ணீரில் முங்குவதற்கு இல்லை என்று தெரிந்து, கோவைக் குற்றாலம் போனபோது கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டார். பின்பற்ற வேண்டிய பொறுமை இது.

எனக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனதையும் சொல்லியாக வேண்டும். எச்.எம்.டி. பைலட் நம் நாட்டின் விமானி வாட்ச். கறுப்பு டயல், 17 ஜூவல் (உள்ளே தேய்மானம் குறைக்க வைக்கும் கற்கள்), சாவி கொடுக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் கூட்டில் 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனி மூடப்பட்டபிறகு அதற்குத் தேடுதல் கூடிவிட்டது. ஆவணியில் ஒரு வியாபாரியிடம் 'கை படாத உருப்படி' என்ற வார்த்தையை நம்பி ஒன்று வாங்கினேன். ஈரோட்டில் நம் மூத்த ரிப்பேர்க்காரர் ஐயா லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தார். நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று கனம் மாறியிருந்தன, எழுத்தின் ஓரத்தில் மை கசிந்திருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே வேறு எச்.எம்.டி.யின் மெஷின். "டயலுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க தம்பி. உள்ள இருக்கறத போட்டோ கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. மனது மிகவும் கனத்தது. இனி பழைய வாட்ச் வாங்கும் உறுப்பினர் எவரானாலும் மூடி திறந்த படத்தைக் கேட்டு, பணம் கொடுக்கும் முன் ஐயாவிடம் காட்டுவது என்று ஐப்பசிக் கூட்டத்தில் முடிவெடுத்தோம்.

இன்னொரு சம்பவம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பியின் ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று ஒரு நாளில் பல நிமிடம் முந்தி ஓட ஆரம்பித்தது. கம்பெனி சரியில்லை என்று கோபத்தில் இருந்தார். "வேலை செய்யறப்போ எங்க கழட்டி வெக்கறீங்க?" என்று ஐயா கேட்டார். டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை நிறுத்தும் மேக்னட் ஸ்டாண்டு பக்கத்திலாம். திசைகாட்டியைக் கிட்டே கொண்டுபோனதும் அதன் முள் துள்ளியது. காந்தம் ஏறினால், வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருள் குறுகினதுபோல் ஆகி வாட்ச் வேகமாகிவிடும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்ததும் சரியாயிற்று. இதே தொல்லைக்காகத்தான் பிரிட்டிஷ் விமானப்படைக்கு 1948-இல் செய்த மார்க் 11 வாட்சுக்குள் தேனிரும்பில் ஒரு கூடு வைத்தார்கள். மோட்டாரும் பம்பும் லேத்தும் நிறைந்த நம் ஊருக்கு இந்தக் கூடு எவ்வளவு அவசியம் என்பது அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது.

வரி விஷயம் சுருக்கமாக. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்துக்கு 1 சதவீதம் வரியைக் கடைக்காரர் பிடித்துக்கொள்கிறார். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், எனவே பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டத்தில் இடமில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு நாம் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்சின் சுங்க வரி அதன்படி படிப்படியாகத்தான் குறையும். அவசரமில்லாதவர்கள் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேண்டுகோள். ஈரோட்டு ஐயாவுக்கு வயதாகிவிட்டது. கை இன்னும் நடுங்கவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லித்தரச் சம்மதித்திருக்கிறார். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் ஆணோ பெண்ணோ இரண்டு பேர் வேண்டும். அவர்களுக்கு டுவீசர், ஸ்க்ரூடிரைவர், லென்ஸ் வாங்கிக் கொடுக்கும் செலவைச் சங்கம் ஏற்பதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். பெயர் கொடுப்பவர்கள் இன்று சாப்பாட்டுக்கு முன்பே என்னிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்