கல்லும் சுவரும்

அன்புள்ள வசந்தி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மூர்த்தி சொன்னான். நிம்மதி. அவன் தன் படங்களில் இன்னும் அந்த நீலத்தை விடவில்லையாமே, நீயாவது சொல்லக் கூடாதா?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பல்கலைக்கழகத்திலேயே இருந்து வரைகிற உறைவிட ஓவியர் என்றதும் நுண்கலைத் துறையில் உட்காரவைப்பார்கள் என்றுதானே நீ நினைத்தாய்? எனக்கு அறை கிடைத்தது ஜியாலஜி கட்டடத்தில். பாடம் நடத்துகிறவளும் இல்லை, படிக்க வந்தவளும் இல்லை என்பதால் என்னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அடையாள அட்டையில் 'பிற' என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது ஒரு பெரிய சௌகரியம். எந்தக் கதவையும் தட்டலாம்.

அப்படித் தட்டியதில்தான் அந்த லேப் டெக்னீஷியனைப் பார்த்தேன். பாறையை வில்லையாக அறுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்துக்கொண்டே போவார். கடைசியில் 0.03 மில்லிமீட்டர் கனம்தான் மிஞ்ச வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? நிறத்தை வைத்து! மைக்ராஸ்கோப்பில் பாறையிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் மஞ்சள் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். மஞ்சள் போய்ச் சாம்பல் வெள்ளைக்கு வந்ததும் கையை எடுத்துவிடுவார். வாட்டர்கலரின் மெல்லிய பூச்சு, அந்த வாஷ், காயும்போது நம் வாத்தியார் பலகையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நிற்பாரே, அதே முகம்.

ஒருநாள் பசால்ட் என்கிற எரிமலைக் கல்லின் வில்லை ஒன்றை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வெளியே கறுப்பாக, பார்க்க ஒன்றுமே இல்லாத கல். ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடுகிற போலரைசர் இரண்டுக்கு நடுவில், அதிலிருந்த ஆலிவின் என்ற கனிமம் நீலமும் பச்சையும் ஊதாச் சிவப்புமாக நின்றது. மைக்ராஸ்கோப்பில் வில்லை இருக்கும் மேடையைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு துகளும் அணைந்து எரிகிறது, ஒரு சுற்றுக்கு நான்கு தடவை. அந்த நிறம் கல்லில் இல்லை வசந்தி. உள்ளே போகிற ஒளி இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு வேகத்தில் கடந்து, மறுபடி சேரும்போது பிறக்கிற நிறம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலிருந்து வாட்டர்கலரில் மெல்லிய பூச்சுமேல் பூச்சாக அதைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டேன்.

இப்போது விஷயம். இன்னொரு வருஷம் நீட்டித்துத் தருகிறோம் என்கிறது நிர்வாகம். பதிலுக்கு முகப்பு மண்டபச் சுவர் முழுக்கப் பல்கலைக்கழகத்தின் பெருமையை வரைந்து தர வேண்டுமாம். அப்புறம் மாதம் ஒரு பயிலரங்கு, பயனடைந்த மாணவர்களின் பட்டியலோடு. மாணவர்கள் தாமாகவே வருகிறார்கள்! ஒரு பெண் தன் ரெக்கார்டு நோட்டோடு வந்து உட்கார்ந்து ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் வரிகளை வரைவாள். முதலில் கோடு கோடாகப் போட்டவள், இப்போது எந்த வரி எங்கே முடிகிறது என்று பார்த்துப் போடுகிறாள். இதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

1936-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஜான் ஸ்டூவர்ட் கரியை உறைவிட ஓவியராக அழைத்தபோது அவரை வைத்தது வேளாண்மைக் கல்லூரியில். வகுப்பெடுக்கும் கட்டாயம் கிடையாது. தன் ஓவியத்தை வரைந்தார், ஊர் ஊராகப் போய் வரைகிற விவசாயிகளைச் சந்தித்தார். 1946-ல் இறக்கும்வரை அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. இதையெல்லாம் நிர்வாகக் குழுவுக்கு விளக்கமாக எழுதினேன். "சுவர் பற்றித் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி வந்தது.

சுவர் ஓவியம் மட்டம் என்று நான் நினைக்கவில்லை. அதில் இறங்கினால் அந்த வருஷம் முழுக்க அதுவே தின்றுவிடும் என்பதுதான் பயம். மாட்டேன் என்றாலோ அறையும் போகும், மைக்ராஸ்கோப்பும் போகும். நீ ஆஸ்பத்திரிச் சுவரை ஒப்புக்கொண்டபோது உன் சொந்த வேலை என்ன ஆயிற்று? நடுவில் ஒரு நாளாவது அதைத் தொட முடிந்ததா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனசு நோகுமே என்று பார்க்காமல் உள்ளதை எழுது.

உன்,
கல்யாணி