கொழுக்குமலைக்கு வா, குரங்கணிக்கு இறங்காதே

சூரியநெல்லி
பங்குனி 5

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. உன்னோடு வரும் ஐந்து பேருக்கும் படித்துக் காட்டு.

விஷு லீவுக்கு வருகிறீர்கள் என்றதிலிருந்து அம்மா ஒரு இடத்தில் உட்காரவில்லை. எனக்கும் சந்தோஷம்தான். கொழுக்குமலையில் சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே நடந்து, தமிழ்நாட்டுப் பக்கம் மலையடியில் இருக்கிற குரங்கணிக்கு இறங்கி, போடியில் பஸ் பிடிப்பதாகச் சொன்னாய். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி வேண்டாம் ஆத்தா.

கார்த்திகை, மார்கழியில் கேட்டிருந்தால் அனுமதி வாங்கி நானே கூட வந்திருப்பேன். இப்போது மலை அப்படி இல்லை. மழை விட்டு மூன்று மாதம் ஆகிறது. சரிவு முழுக்கப் போதைப்புல் என்கிற காட்டுப்புல் இடுப்பளவு வளர்ந்து, வைக்கோலாய்க் காய்ந்து நிற்கிறது. நடுநடுவே தைலப்புல். சின்ன வயதில் கசக்கிக் கசக்கி மோந்து பார்ப்பாயே, எலுமிச்சை வாசம் வரும் புல், அதேதான். அந்த வாசமே எண்ணெய்தான். பொறி விழுந்தால் சரவெடி மாதிரி படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு பிடிக்கும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் குரங்கணிக்கு மேலே தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலும் உன் வயசு. அன்றைக்கே இறந்தவர்கள், பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தவர்கள் என்று 20 பேருக்கு மேல். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் அன்று ராத்திரி யாரும் வண்டி எடுக்கவில்லை. எந்தப் பிள்ளையை யார் ஏற்றிக்கொண்டு போய் விட்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ சவாரி போய்விட்டேன். கொழுக்குமலை விளிம்பில் வண்டியை நிறுத்தி, கீழே குரங்கணியைக் கைகாட்டும்போது இன்னமும் வாய் உலர்ந்துவிடுகிறது.

தாத்தா எனக்குச் சொல்லித் தந்ததை உனக்கும் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயது இருக்கும். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்குச் சாமான் சுமந்து ஏறிக்கொண்டிருந்தோம். மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை இறக்கிய ரோப்வே ஓடிய காலத்துப் பேர்தான் அந்த சென்ட்ரல் ஸ்டேஷன். பாதி வழியில் கீழே புகை. நான் மேலே ஓடப் பார்த்தேன். தாத்தா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலையில்தான் எரிந்து போயிருந்த கரிமேடு ஒன்று அங்கே இருந்தது. அதன் நடுவில் என்னை நிறுத்தி, துண்டை நனைத்து மூக்கில் கட்டிவிட்டார். தரை அப்போதும் கொதித்தது. ரப்பர் செருப்பு அடியில் இளகி, காலைத் தூக்கினால் கரி அப்பிக்கொண்டு வந்தது. தீ எங்களுக்கு இரண்டு பக்கமும் மேலே ஓடிப் போய்விட்டது. ஒருமுறை எரிந்த இடத்தில் அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை.

தீக்கு மேடு ஏறுவது இறக்கம் மாதிரி. சூடு மேலே போய், மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத்தான் வீசும். எவ்வளவு ஓடத் தெரிந்தவனாலும் அதை முந்த முடியாது. ஓடை மாதிரி குறுகலான பள்ளத்தில் ஒளிந்தால் அதுவே புகைபோக்கி ஆகிவிடும். எரிந்து ஆறிய கரி, மொட்டைப் பாறை, ஜீப் ரோடு, இவற்றைத்தான் தேட வேண்டும். அப்புறம் உடுப்பு. மலைக்கு என்று நீங்கள் வாங்கும் வழவழப்பான பாலியஸ்டர் சட்டை, பேன்ட் எல்லாம் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனமான பருத்திச் சட்டை கொண்டு வாருங்கள்.

அந்தத் தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் போட்டார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளை வனத்துறையே திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. அதையும் தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். "யாருக்கும் தெரியாமல் இறங்கிவிடலாம், நான் வழி காட்டுகிறேன்" என்று இங்கேயே ஆள் வருவான். போகாதே. யாருக்கும் தெரியாமல் இறங்கினால், நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். விடிகாலை நாலு மணிக்கு நம் ஜீப்பில் கிளம்புவோம். மேலே கிட்டத்தட்ட 8,000 அடி. நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். கீழே மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடக்க, அதற்குள்ளிருந்து சூரியன் வருவதைக் கண் நிறையப் பாருங்கள். போட்டோ எடுக்கப் பாறை நுனிக்குப் போக வேண்டாம், விடிகாலைப் பனியில் பாறை வழுக்கும். அப்புறம் டீ ஃபேக்டரியில் தேயிலை தயாராவதைப் பார்த்து, ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். காற்று குளிர்ந்தே இருப்பதால் வெயில் உறைக்காது. அதில்தான் ஏமாந்து போவார்கள். ராத்திரி முகமெல்லாம் எரியும். தொப்பி போடு, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி.

சித்திரை பிறக்கிற சமயம் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும். மேகம் கறுத்தால் விளிம்பிலும் ஒற்றை மரத்தடியிலும் நிற்கக் கூடாது. நம் ஜீப்புக்கு மேலே தார்ப்பாய்தான், அது இடிக்குக் காப்பு இல்லை. இரும்புக் கூரை போட்ட காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தால் பயமில்லை. அதனால்தான் சொல்கிறேன், மத்தியானம் எல்லாரும் வீட்டில். அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆனையிறங்கல் அணைக்கு அடுத்த நாள் காலையில் போகலாம். சாயங்காலம் வேண்டாம். கோடையில் தண்ணீர் தேடி யானை இறங்கும் நேரம் அது. அரிக்கொம்பன் யானை ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றது இந்தச் சுற்று வட்டாரத்தில்தான். 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போய்ப் பெரியாறு காட்டில் விட்டார்கள், ஒரே மாதத்தில் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது. அது போனாலும் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. வழியில் நின்றால் ஹார்ன் அடிக்கக் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். கார் ஓட்டப்போகிற பையனிடம் இதைத் தனியாகச் சொல்லு. போடிமெட்டு ஏறும்போது இருட்டாகிவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

குரங்கணி எங்கும் ஓடிப் போகாது. மார்கழியில் பத்து நாள் லீவு எடுத்து வா. புல் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும். அனுமதிக்கும் வழிகாட்டிக்கும் நான் சொல்லி வைக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் சென்ட்ரல் ஸ்டேஷன் வரை நானும் வருகிறேன். தாத்தா என்னை நிறுத்திய இடம் இன்னும் எனக்கு அடையாளம் தெரியும்.

அம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள். உன் கூட்டாளிகளில் யாராவது கறி சாப்பிடாதவர்கள் உண்டா என்று கேட்கச் சொன்னாள். பூப்பாறை வந்ததும் போன் பண்ணு. அதற்கப்புறம் சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா