அக்காவுக்கு, கிட்டார் பட்டறையிலிருந்து

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கியா, அம்மா அப்பா எப்படி இருக்காங்க. நான் நல்லா இருக்கேன், ரூமும் வேலையும் ஒரு வழியா செட் ஆயிடுச்சு, குளிருதான் இன்னும் பழகல, நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடுது. போன்ல பேசுனா எப்பவும் அவசரத்துலயே முடிஞ்சிடுது, இங்க நீ என்னதான் வேலை பாக்குறேன்னு அம்மா கேட்டுட்டே இருக்காங்க, அதான் லீவு நாள்ல உக்காந்து விவரமா எழுதுறேன்.

எங்க பட்டறைல புது கிட்டார் செய்யறதில்ல, ரிப்பேரும், வாசிக்க வசதியா அளவெல்லாம் சரி பண்ற செட்டப்பும் மட்டும்தான். குளிர்காலம் ஆரம்பிச்சதும் கிட்டாரா வந்து குவியுது. வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓடுது, காத்துல ஈரமே இல்லாம போயிடுது, மரம் சுருங்குது, விரல் வெச்சு அழுத்தற பலகையான ஃப்ரெட்போர்டு ஓரத்துல, அதுல குறுக்கால பதிச்சிருக்கற ஃப்ரெட்ங்கற உலோகத் துண்டோட நுனி வெளிய நீட்டிக்கிட்டு கைய கீறுது, அக்கூஸ்டிக்னா மேல் பலகை உள்வாங்கி, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற உயரம், அதாவது ஆக்‌ஷன் எறங்கி கம்பி ஃப்ரெட்ல தட்ட ஆரம்பிச்சிடுது. அதனால கிட்டார் வந்ததும் எங்க முதலாளி டூல எடுக்க விடமாட்டாரு, 45லேர்ந்து 50 சதவீதம் ஈரப்பதம் இருக்கற ரூம்ல கொஞ்ச நாள் வெச்சிட்டு அப்புறம்தான் அளக்கணும்பாரு. பாதி கிட்டார் அதுலயே சரியாயிடும், அது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம்.

நான் அதிகமா செய்யறது ஃப்ரெட் லெவலிங். எல்லா ஃப்ரெட்டோட தலையும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஒண்ணு மட்டும் துளி தூக்கலா இருந்தாலும் அதுக்கு முந்தின ஃப்ரெட்ல அழுத்தும்போது கம்பி அதுல பட்டு ஜிர்ர்னு சத்தம் வரும். கேக்க சுலபம்தான், ஆனா நெக், அதாவது ஃப்ரெட்போர்டு ஒட்டியிருக்கற கழுத்து, சும்மா இருக்கற மரம் இல்லக்கா, எலக்ட்ரிக் கிட்டார்ல பத்தாம் நம்பர் தடிமன்ல கம்பி செட்டு போட்டாலே சுமார் 45 கிலோ இழுக்குது, அக்கூஸ்டிக்ல பன்னெண்டு போட்டா 70 கிலோவ தாண்டிடும், அந்த இழுப்புல நெக் முன்னாடி வளையும். அத எதிர்த்து நிக்கத்தான் நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புத் தண்டு இருக்கு, கிப்சன் கிட்டார் கம்பெனில வேலை பாத்த தாடியஸ் மக்ஹியூ 1923ல பேடன்ட் வாங்குனது, இன்னிக்கும் அதே ஐடியாதான்.

இப்ப பாரு, கம்பிய கழட்டிட்டு ட்ரஸ் ராட திருகி நெக்க நேராக்கி, அது மேல நேர்கோல வெச்சு உப்புத்தாள்ல தேய்ச்சா எல்லா ஃப்ரெட்டும் மட்டமாயிடும், நிறைய பேரு இப்படித்தான் பண்றாங்க, நல்ல நெக்கா இருந்தா அதுவே போதும். ஆனா மரம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வளையாது. போன வாரம் ஒரு பழைய அக்கூஸ்டிக் வந்துச்சு, கம்பி இல்லாம நேர்கோல வெச்சா அடில வெளிச்சமே தெரியல, அவ்வளவு நேரு. கம்பி மாட்டி சுருதி ஏத்தினதும் பாத்தா மூணுலேர்ந்து ஏழு ஃப்ரெட் வரைக்கும் குழி, நெக்கும் பாடியும் சேர்ற 14வது ஃப்ரெட் பக்கத்துல மேடு. ட்ரஸ் ராட எவ்வளவு திருகினாலும் அந்த மேடு போகாது, ஏன்னா அந்த இடத்துல ராடுக்கு பிடிப்பே கம்மி. இத கம்பி இல்லாம தேய்ச்சிருந்தா நல்லா இருந்த ஃப்ரெட்ட வீணா கரைச்சிருப்போம், மேடு அப்படியே இருந்திருக்கும்.

அதுக்குத்தான் கம்பி இழுவைலயே லெவல் பண்றது. மெல்லிசா நேரா ஒரு உலோகப் பட்டை, அடிப்பக்கம் உப்புத்தாள் ஒட்டியிருக்கும், பாடில கம்பி உக்கார்ற ப்ரிட்ஜ்ல கம்பிய கொஞ்சம் உயர்த்திட்டு திரும்ப சுருதி சேத்துட்டு, அந்தப் பட்டைய கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல நுழைச்சு நெக் நீளத்துக்கு மெதுவா ஓட்டணும். முன்னாடியே ஃப்ரெட் தலைல எல்லாம் கருப்பு மார்க்கர் பூசி வெச்சிருவோம். ரெண்டு இழுப்பு இழுத்துட்டு லைட்ட சாய்ச்சு பாத்தா மேடான ஃப்ரெட்ல கருப்பு போயி பட்டையா பளபளன்னு தெரியும், பக்கத்துல இருக்கறதுல மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும், குழில இருக்கறதுல கருப்பு அப்படியே இருக்கும். கருப்பு மிச்சமிருந்த கடைசி ஃப்ரெட்லயும் அது போனதும் நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரு இழுப்பு கூட வேணாம், ஃப்ரெட்ல இருக்கற உலோகம் போனா திரும்ப வராது. அப்புறம் கம்பிய கழட்டி, தட்டையான தலைய அரத்தால வட்டமாக்கி, பாலிஷ் பண்ணி, புதுக் கம்பி மாட்டி செட்டப்.

கம்பி இழுவைய பொய்யா உண்டாக்குற ஜிக்னு ஒரு சட்டமும் இருக்கு, கம்பி இருக்கும்போது நெக் எங்க நிக்குதுன்னு டயல் கேஜ்ங்கற அளவு முள்ளுல பாத்து குறிச்சுட்டு, கழட்டினதும் அதே அளவுக்கு தள்ளிப் பிடிச்சுக்கும். ஜெர்மனில உருவான பிளெக் மெஷின் இன்னும் ஒரு படி மேல, கம்பி மாட்டின நிலைலயே ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அளந்துட்டு அப்புறம்தான் வெட்டும். எனக்கு பட்டைதான் பிடிச்சிருக்கு, நெக் எந்த நிலைல வாசிக்கப்படுதோ அதே நிலைல கைல தெரியுது.

உன் கிட்டார் சத்தம் போடுதுன்னு சொன்னல்ல, யார்கிட்டயும் உடனே ஃப்ரெட்ட தேய்க்கக் குடுக்காத. சுருதி சேத்துட்டு முதல் ஃப்ரெட்ல காபோ, அதான் எல்லா கம்பியையும் அழுத்திப் பிடிக்கற கிளிப், போடு, தடிமனான ஆறாவது கம்பிய நெக் பாடியோட சேர்ற ஃப்ரெட்ல அழுத்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல இடைவெளி பாரு, கால் மில்லிமீட்டர் கிட்ட இருந்தா போதும், இடைவெளியே இல்லன்னா ட்ரஸ் ராட கொஞ்சம் தளத்தினாலே முதல் அஞ்சு ஃப்ரெட்ல வர்ற சத்தம் போயிடலாம். அழுத்தாம வாசிக்கும்போது மட்டும் சத்தம்னா நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்கார்ற நட்டுல பள்ளம் அதிகம், அதுக்கும் ஃப்ரெட்டுக்கும் சம்பந்தமில்ல. ஒரே எடத்துல மட்டும்னா நேரான சின்ன இரும்புத் துண்ட மூணு ஃப்ரெட் மேல வெச்சு ஆட்டிப் பாரு, ஆடினா நடுவுல இருக்கறது மேடு, அது லூசாகி எழும்பியிருக்கான்னு விரலால அழுத்திப் பாரு, லூசுன்னா அத உள்ள உக்கார வெச்சாலே போதும்.

இதெல்லாம் பாத்துட்டு எந்தக் கம்பில, எந்த ஃப்ரெட்லன்னு ஒண்ணு விடாம எழுது, நெக்க பக்கவாட்டுல ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு, கம்பிய தளத்தாம எடு. அம்மாகிட்ட நான் வேளாவேளைக்கு சாப்பிடறேன்னு சொல்லு.

அன்புடன்,
தம்பி