நனைந்த தாள்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அந்த மழை இரவில் நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். மீண்டும் விவரிக்க எனக்கு மனமில்லை. டாக்டர் டி.எஸ். சௌந்தரம் அவர்களின் அரசியல் வாழ்வைப் பற்றி ஆறு ஆண்டுகளாக நான் திரட்டிய குறிப்புகளில் பெரும்பகுதி பிழைத்துவிட்டது என்பதைத் தெரிவிக்கவே இம்மடல்.

திண்டுக்கல் அருகே கிராமப் பணிக்கென அவர் நிறுவிய காந்திகிராமத்தில் பயிற்சி பெற்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், நான் அழைக்காமலேயே பழைய பருத்திப் புடவைகளுடன் வந்தார். அவற்றைச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் விரித்து, நான்கு நாட்கள் தரையில் அமர்ந்து ஈரத்தை ஒற்றியெடுத்தார். மை கலைந்த வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துத் தம் கையால் திரும்ப எழுதியும் கொடுத்தார். சென்னைச் சட்டமன்றத்துக்கு 1952இலும் 1957இலும் தேர்வானது, 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்தியக் கல்வித் துணை அமைச்சரானது ஆகிய பக்கங்கள் இன்று அவருடைய கையெழுத்தில்தான் இருக்கின்றன.

1967 தேர்தல் தோல்வியை நான் ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்தத் தாளை மட்டும் அவர் தனியே எடுத்து வைத்தார். "தோத்த பிறகு அம்மா எங்கே வந்தாங்கன்னும் எழுதுங்க, காந்திகிராமத்துக்குத்தானே வந்தாங்க" என்றார். அதைக் கேட்டு வெட்கினேன். இளம் வயதில் முதல் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, 1947இல் இரண்டாம் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் காந்திகிராமத்தை நிறுவிய ஒருவருக்கு, கிராமத்துப் பெண்களின் கல்வியும் உடல்நலமும்தான் பணி; நாடாளுமன்றம் அப்பணிக்குக் கிடைத்த மற்றோர் இடம். பதவி முடிந்ததும் அவர் 1984இல் மறையும்வரை காந்திகிராமத்திலேயே உழைத்தார் என்பதை அறிந்திருந்தும், அதை அரசியலுக்கு வெளியே உள்ள செய்தியாக நான் ஒதுக்கியிருந்தேன்.

தாள்களைச் சுமந்து மாடிக்கு ஏற்றிய மாணவர்கள், மின்விசிறிகளை இரவல் தந்த அண்டை வீட்டார், எஞ்சியவற்றைப் படியெடுத்துக் கொடுத்த நூலக நண்பர்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

டீச்சர் அம்மா, 1967க்குப் பிந்தைய பதினேழு ஆண்டுகளுக்கென்று தனி இயலை எழுதத் தொடங்கிவிட்டேன். முடிந்ததும் கையெழுத்துப் படியை முதலில் உங்களிடமே கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
உங்களுக்குக் கடமைப்பட்டவள்